டயர் சுழற்றும் காகிதக் கலவை வண்டி: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

பழைய அம்பாசடர் காரின் பின் ஆக்ஸிலைக் கழற்றி, பினியனின் (காரில் இன்ஜின் சுழற்சியை ஆக்ஸிலுக்குக் கொண்டுவரும் பற்சக்கரத் தண்டு) முனை வானத்தைப் பார்க்கும்படி நிமிர்த்திச் சட்டத்தில் பொருத்தி, அதன் மேல் நான்கடி விட்டமும் இரண்டரை அடி உயரமும் கொண்ட இரும்புத் தொட்டியை ஏற்றி, பினியனின் தலையில் பிளேடு பூட்டி, டிராக்டரில் கட்டி இழுத்தால் காகிதக் கூழும் சிமெண்டும் மணலும் சேர்ந்த பேப்பர்கிரீட் கலவை தயாராகிவிடும். டயர் உருள உருள ஆக்ஸில் சுற்றுகிறது, ஆக்ஸில் பினியனைச் சுற்றுகிறது, தொட்டிக்குள் காகிதம் கூழாகிறது. மோட்டார் இல்லை, பெல்ட் இல்லை, கழனிக்கு மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் மைக் மெக்கெயின் என்பவர் வடிவமைத்துப் பரப்பிய இழுவைக் கலவைதான் இதற்கு மூலம். அணைக்கட்டுப் பக்கம் எங்கள் கொல்லையில் முதல் வண்டியைக் கட்டிய பிறகு ஒடுகத்தூரிலும் குடியாத்தத்திலும் இருக்கும் நண்பர்களுக்காக இன்னும் மூன்று கட்டினேன். நான்கிலும் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுக் கோளாறுகள்தாம் வந்தன. அவற்றை அறிகுறி வாரியாக, செலவில்லாத காரணத்திலிருந்து செலவு பிடிக்கும் காரணம் வரை, இங்கே எழுதியிருக்கிறேன்.

எந்தச் சோதனைக்கும் முன்

இந்த வண்டிக்குச் சுவிட்ச் கிடையாது. டயர் தரையில் நகர்ந்தால் பிளேடு சுற்றும். இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்பது அதற்குப் பொருட்டல்ல. எங்கள் ஆக்ஸிலில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் பிளேடு ஏறக்குறைய நான்கரைச் சுற்றுச் சுற்றுகிறது. டயரின் சுற்றளவு இரண்டு மீட்டரைச் சற்றுத் தாண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், வண்டி ஒரு சாண் நகர்ந்தாலே பிளேடு அரைச் சுற்றுச் சுற்றிவிடும். நிறுத்தி வைத்த வண்டியில் யாராவது சாய்ந்து நின்றாலும், மேட்டிலிருந்து மெல்ல உருண்டாலும், தொட்டிக்குள் கை இருந்தால் கை போயிற்று.

ஆகவே தொட்டிக்குள் எட்டிப் பார்க்கும் எந்த வேலைக்கும் வரிசை ஒன்றுதான். வண்டியைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். டிராக்டர் இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்து, தொட்டிக்குள் வேலை செய்பவரின் சட்டைப்பையில் போட வேண்டும். கலவை வண்டியின் இரண்டு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும். அதன் பிறகும் கைக்குப் பதில் கம்பிக் கொக்கியையே பயன்படுத்த வேண்டும். தோளில் துண்டு போட்டுக்கொண்டு இந்த வண்டியின் அருகே யாரும் நிற்கக் கூடாது. இதை எங்கள் மேஸ்திரியிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்து, கடைசியில் கொல்லை வாசலிலேயே துண்டு மாட்ட ஓர் ஆணி அடித்து வைத்தேன். தொட்டியின் மேல் தாழ்ப்பாளோடு கம்பி வலை மூடி இருக்க வேண்டும். வண்டி நகரும்போது மூடி மூடியே இருக்க வேண்டும். தொட்டியின் மீதோ இழுவைத் தண்டின் மீதோ யாரும் ஏறிப் போகக் கூடாது. பிரேக் ஷூக்களைக் கழற்றிவிடுவதால் கலவை வண்டிக்குச் சொந்தப் பிரேக்கும் இல்லை. நிறைந்த தொட்டியோடு அரை டன்னுக்கு மேல் எடை பின்னாலிருந்து தள்ளும் என்பதால் ஏரிக்கரைச் சரிவுகளில் இழுக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் வாகனம்தான். பதிவில்லாத இந்த வண்டியைச் சாலையில் ஏற்றாமல் சொந்த நிலத்துக்குள்ளேயே சுற்றுங்கள்.

அறிகுறி: வண்டி நகர்கிறது, பிளேடு சுற்றவில்லை

முதலில் வண்டியை நேர்க்கோட்டில் இருபதடி இழுக்கச் சொல்லி, பக்கத்தில் தள்ளி நின்று சக்கரங்களைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவைத்தால் எது உருள்கிறது, எது தேய்கிறது என்பது சந்தேகமில்லாமல் தெரியும்.

இரண்டு சக்கரமும் உருள்கின்றன, ஆனாலும் பிளேடு நிற்கிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது பிளேடைப் பினியன் ஃபிளாஞ்சோடு (பினியன் தலையில் இருக்கும் தட்டு) பிணைக்கும் போல்ட்டுகளை. நான் அந்த இடத்தில் வேண்டுமென்றே இரண்டு மெல்லிய, சாதாரணத் தர போல்ட்டுகளைப் போடுகிறேன். பிளேடில் ஏதாவது சிக்கினால் கிரவுன் (பினியனோடு பல் கோத்து நிற்கும் பெரிய பற்சக்கரம்) பல் உடைவதற்கு முன் அவை அறுந்துவிட வேண்டும் என்பதே நோக்கம். அறுந்திருந்தால் அவை தம் வேலையைச் செய்தன என்று பொருள். எதில் சிக்கியது என்று கண்டுபிடித்து எடுத்துவிட்டுப் புதியவை போடுங்கள். மீண்டும் மீண்டும் அறுகிறதே என்று கடினமான போல்ட்டுக்கு மாறிவிடாதீர்கள். ஒடுகத்தூர் வண்டியில் அப்படி மாற்றினார்கள். அடுத்த வாரம் ஆக்ஸில் ஷாஃப்டே முறிந்தது.

போல்ட் சரியாக இருந்தால் ஷாஃப்டைச் சந்தேகியுங்கள். தொட்டியைக் காலி செய்து, சட்டத்தின் அடியில் உறுதியான மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து, இரண்டு சக்கரங்களையும் தரையிலிருந்து தூக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம். பிளேடு நகராதபடி தொட்டிக்குள் ஒரு மரக்கட்டையைக் குறுக்கே வைத்து, எல்லோரையும் தொட்டியிலிருந்து விலகச் சொல்லிவிட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறு சக்கரம் எதிர்த் திசையில் சுற்றினால் ஷாஃப்டுகள் இரண்டும் நலம். மறு சக்கரம் அசையாமலே இந்தச் சக்கரம் லேசாகச் சுற்றினால் ஏதோ ஒரு பக்கத்து ஷாஃப்ட் முறிந்திருக்கிறது அல்லது அதன் முனைப் பல்வரிசை தேய்ந்துவிட்டது. ஒரு பக்கம் முறிந்தாலே போதும், இரண்டு டயரும் அழகாக உருளும், பிளேடு மட்டும் சிலைபோல் நிற்கும். முதல் முறை பார்த்தபோது எனக்கு இது புரியவே அரை நாள் ஆயிற்று. ஷாஃப்டை நாமே உருவி மாற்றலாம். முறிந்த துண்டு ஹவுசிங்குக்குள், அதாவது ஆக்ஸிலின் வெளிக்கூட்டுக்குள், தங்கியிருந்தாலோ, கிரவுன் பக்கம் கரகரவென்று சத்தம் வந்தாலோ அதற்கு மேல் கை வைக்காமல் டிஃப் (ஆக்ஸிலின் நடுவே கிரவுனும் பினியனும் இருக்கும் டிஃபரன்ஷியல்) மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே விடும் இடைவெளியைக் கண்ணளவில் வைக்க முடியாது.

ஒரு சக்கரம் மட்டும் உருள்கிறது, மற்றது தேய்ந்துகொண்டே வருகிறது என்றால், பிளேடு முழுதாக நிற்காமல் பாதி வேகத்தில் சுற்றும். டிராக்டர் ஓட்டும் தம்பி இதை "ஒரு பக்கம் சுத்தவே இல்லணா, கோடு போட்டுனே வருது" என்று வந்து சொல்வார். காரணங்களில் எளியது காற்று: இரண்டு டயரிலும் ஒரே அளவு காற்று இல்லாவிட்டால் குறைந்த பக்கம் பிடிப்பு மாறும். அடுத்தது தரை: மழைக்குப் பிந்தைய களிமண்ணில் மொட்டை டயர் வழுக்கும், தடத்தை மாற்றுங்கள் அல்லது பொத்தான் தேயாத டயர் போடுங்கள். அதற்கும் அடுத்தது கழற்றாமல் விட்ட பிரேக் ஷூ. அரை மணி ஓடியபின் டிரம்மின் அருகே புறங்கையைக் கொண்டுபோனால் சூடு தெரியும்; ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அந்த டிரம்மைத் திறக்க வேண்டும்.

சிலர் இந்தத் தொல்லையே வேண்டாமென்று டிஃபின் உள்ளே, இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் ஸ்டார் பினியன்களை வெல்டிங் செய்து பூட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒரு சக்கரம் மட்டும் நிற்பது நடக்காது என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் உள்பக்க டயர் தரையை உரசித் தேயும், ஷாஃப்ட் முறுக்கேறும். எங்கள் கொல்லையில் முப்பதடி ஓடினால் திரும்ப வேண்டும் என்பதால் நான் செய்யவில்லை. நீளமான நேர்த்தடம் இருப்பவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம்.

அறிகுறி: இழுக்கும்போது இரண்டு டயரும் தரையில் கோடு போடுகின்றன, டிராக்டர் திணறுகிறது

பிளேடு எதிலோ சிக்கியிருக்கிறது. உடனே நிறுத்துங்கள், இன்னும் பத்தடி இழுத்தால் விட்டுவிடும் என்ற நம்பிக்கைதான் பல்லை உடைக்கிறது. காரணங்களில் முதன்மையானது சணல், நைலான் கயிறு. பழைய நோட்டுக் கட்டுகளைக் கயிற்றோடு தொட்டியில் போட்டுவிடுவார்கள். கயிறு பிளேடின் கழுத்தில் நூற்கண்டுபோல் சுற்றிக்கொள்ளும். அடுத்தது சிமெண்ட் சாக்கு; விளிம்பில் வைத்துக் கொட்டும்போது உள்ளே நழுவும். பிறகு மணலோடு வந்த ஜல்லி, தேர்வு அட்டைகளின் இரும்புக் கிளிப், எப்போதோ தொலைந்த ஸ்பேனர்.

இவை எதுவும் இல்லாமலே திணறினால் காகிதம் அதிகம், தண்ணீர் குறைவு. எங்கள் தொட்டியின் முழுக் கொள்ளளவு ஏறக்குறைய 850 லிட்டர் என்றாலும் ஒரு தடவைக்கு 450 லிட்டர் தண்ணீர், உலர்ந்த எடையில் 20 கிலோ காகிதம், 30 கிலோ சிமெண்ட், 20 கிலோ எம்-சாண்ட் என்ற அளவைத் தாண்டுவதில்லை. கலவை கஞ்சிபோல் ஓட வேண்டும். களிபோல் நின்றால் பிளேடுக்குச் சுமை. தண்ணீர் வடிவதற்கு அச்சுகள் இருக்கின்றன, ஆகவே தண்ணீரில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சிக்கலை எடுக்கும்போதுதான் விபத்து நடக்கும். பிளேடு சிக்கி வண்டி நின்றுவிட்டால் ஷாஃப்டும் டயரும் முறுக்கேறிய நிலையில் இருக்கும்; கயிற்றை அறுத்த கணத்தில் அந்த முறுக்கு விடுபட்டுப் பிளேடு துள்ளும். அதனால் முதலில் அனைவரையும் விலக்கிவிட்டு, டிராக்டரை ஓர் அடி பின்னோக்கி எடுத்து முறுக்கைத் தளர்த்துங்கள். அதன் பிறகு மேலே சொன்ன வரிசையில் இன்ஜின், சாவி, கல். கூழை அடி வாய் வழியே வடித்துவிட்டுப் பிளேடு கண்ணுக்குத் தெரிந்த பிறகு, நீளப் பிடி போட்ட அரிவாளாலோ கொக்கியாலோ கயிற்றை அறுத்தெடுங்கள். கூழுக்குள் கையை விட்டுத் துழாவுவதை நான் எங்கள் வீட்டில் யாருக்கும் அனுமதிப்பதில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

அறிகுறி: தொட்டியின் அடியில் கசிகிறது

எது கசிகிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது. ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

சாம்பல் நிறத் தண்ணீர் மட்டும் என்றால் கசிவு தொட்டிக்கும் பினியன் கழுத்துக்கும் இடையே. எங்கள் வண்டியில் தொட்டியின் அடியில் ஒரு குட்டைக் குழாயை வெல்டிங் செய்து, லாரி டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் உறையை அந்தக் குழாய்க்கும் பினியன் ஹவுசிங்குக்கும் சேர்த்து மாட்டி, இரண்டு முனையிலும் ஹோஸ் கிளிப் இறுக்கியிருக்கிறோம். கிளிப் தளர்வதே பத்தில் எட்டுத் தடவை காரணம். ஸ்க்ரூ டிரைவர் போதும். இறுக்கியும் நிற்கவில்லை என்றால் ரப்பர் வெடித்திருக்கும். சித்திரை வெயிலில் வேலூரில் நாற்பது டிகிரியைத் தாண்டும் நாட்களில் மூடாமல் நிற்கும் வண்டியின் ரப்பர் விரைவில் வெடிக்கிறது. பழைய டயர்க் கடையில் டியூப் துண்டு கேட்டால் கொடுப்பார்கள்.

எண்ணெய் கசிகிறது, அல்லது தொட்டித் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது என்றால் பினியனின் ஆயில் சீல். இந்த வண்டியின் பலவீனமான இடம் இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். காரில் அந்தச் சீலின் வேலை உள்ளே இருக்கும் எண்ணெயை வெளியே விடாமல் இருப்பது. இங்கே அது சிமெண்டும் மணலும் கலந்த தண்ணீருக்கு அடியில் மூழ்கிக்கொண்டு, வெளியே இருப்பதை உள்ளே விடாமலும் இருக்க வேண்டியிருக்கிறது. மணல் அதன் உதட்டை அரைக்கிறது. டிஃபின் வடிகால் நட்டைத் திறந்து கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். தேன் நிறத்தில் இருந்தால் நல்லது. கும்பகோணம் டிகிரி காபி என்று ஏமாறும் அளவுக்குப் பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அன்றே எண்ணெயை முழுதாக வடித்து, கொஞ்சம் டீசல் விட்டு அலசி, புதிய தொண்ணூறாம் எண் கியர் ஆயில் ஊற்ற வேண்டும். ஒரு வாரம் அப்படியே விட்டால் பேரிங்குகள் துருப்பிடித்துவிடும்.

சீலைக் குற்றம் சொல்வதற்கு முன் பிரீதரைப் பாருங்கள். ஹவுசிங்கின் மேல் இருக்கும் அந்தச் சிறு துளை அடைபட்டால் ஓடும்போது உள்ளே காற்று சூடாகி எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். மாலையில் குளிரும்போது தண்ணீரை உறிஞ்சும். துளையில் ஒரு குழாயைச் செருகித் தொட்டி விளிம்புக்கு மேலே கொண்டுபோய்க் கட்டினால் தீரும். அதுவும் சரியாக இருந்தால் புதுச் சீல் போடுங்கள். புதுச் சீலும் ஒரு மாதத்தில் கசிந்தால் ஃபிளாஞ்சின் கழுத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் விழும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் வீண், லேத் பட்டறையில் கொடுத்து வளையம் ஏற்றிக் கடைந்து வாங்க வேண்டும். ஃபிளாஞ்சைக் கையால் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரிகிறது என்றால் பேரிங் போயிருக்கிறது. அது மெக்கானிக்கின் வேலை. பல டிஃப்களில் பினியன் நட்டின் இறுக்கமே பேரிங்கின் இறுக்கத்தையும் தீர்மானிக்கிறது. பெரிய ஸ்பேனரை வைத்துக் குழாய் மாட்டி இறுக்கிவிட்டு வராதீர்கள்.

சீலுக்கு ஆயுள் கூட்ட நான் கண்ட வழி, பிளேடின் அடியில் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு இரும்புத் தொப்பியை வைத்துச் சீலை மறைத்து, உள்ளே கிரீஸ் நிரப்பிவிடுவது. அதோடு இன்னொன்று: பினியன் மேலே நிமிர்ந்து நிற்பதால் அதன் மேல் பேரிங்குக்கு எண்ணெய் ஏறாது. எண்ணெய் மட்டத்தை உயர்த்தினால் ஆக்ஸில் குழாய்கள் வழியே ஓடிச் சக்கரச் சீல்களில் வழியும். கழுத்தில் ஒரு கிரீஸ் நிப்பிள் வைத்துத் தினமும் இரண்டு அழுத்து கொடுப்பதே எனக்குத் தெரிந்த தீர்வு. கொணவட்டம் பக்கம் ஆக்ஸில் வாங்கிய பழைய இரும்புக் கடையில் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். முதல் வண்டியின் பேரிங் போன பிறகுதான் எனக்கே தோன்றியது.

அறிகுறி: சத்தம்

சத்தத்தை எண்ணத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நேராக இழுக்கச் சொல்லி டயரின் சுண்ணாம்புக் கோட்டைப் பாருங்கள். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு முறை "டக்" என்றால் சக்கரப் பக்கம்: தளர்ந்த வீல் நட்டு, டயரில் புடைப்பு, அப்புறம் ஆக்ஸில் பேரிங். ஒரு சுற்றுக்கு நான்கைந்து முறை என்றால் பினியன் பக்கம்: தளர்ந்த பிளேடு, வளைந்த பிளேடு தொட்டி உட்சுவரின் தடுப்புப் பட்டையில் உரசுவது, பினியனில் ஒரு பல் உடைந்திருப்பது. நேராக ஓடும்போது அமைதியாக இருந்து திருப்பத்தில் மட்டும் கடகடத்தால் ஸ்டார் பினியன். ஓயாமல் ஊளையிட்டால் எண்ணெய் குறைவு. எண்ணெயை வடித்து விரலில் தேய்த்துப் பாருங்கள்; வெள்ளித் தூள்போல் மினுமினுத்தால் தேய்மானம், துண்டாகவே ஏதாவது வந்தால் அன்றோடு நிறுத்திவிட்டு டிஃபைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. உதிரி பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன என்றாலும் தேட வேண்டியிருப்பதால், மாற்று டிஃப் ஒன்றைக் கண்ணில் பட்டபோதே வாங்கிப் போடுவது நல்லது.

அறிகுறி: தொட்டி அதிர்கிறது

காலித் தொட்டியோடு இழுத்தாலும் அதிர்கிறதா என்று பார்த்தால் வழி பிரியும். காலியிலும் அதிர்ந்தால் பிளேடில் எடைச் சமன் இல்லை. கழற்றி நடுத் துளையில் ஒரு கம்பியைச் செருகித் தராசுபோல் தொங்கவிட்டு, தாழும் பக்கத்தைக் கிரைண்டரில் தேயுங்கள். கலவையோடு மட்டும் அதிர்ந்தால், ஒரு பக்கம் காகிதக் கட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிளேடு எதனால் ஆனது என்பதும் இங்கே முக்கியம். லாரியின் கமான் பட்டை உறுதியானது என்று நினைத்து முதல் பிளேடை அதிலிருந்து வெட்டி ஃபிளாஞ்சில் வெல்டிங் செய்தேன். கமான் இரும்பு வெல்டிங் சூட்டில் ஓரத்தில் நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். மூன்றாம் நாள் ஒரு கை அப்படியே முறிந்து, தொட்டிச் சுவரில் முட்டை அளவுக்கு ஒரு புடைப்பை உண்டாக்கிவிட்டுக் கூழில் விழுந்தது. மேலே வலை இருந்தது, யாரும் அருகில் இல்லை. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது சைக்கிளை நிதானமாக மிதிக்கும் வேகத்தில் இழுத்தால் பிளேடு நிமிடத்துக்கு 500 சுற்றுக்கு மேல் சுற்றும் என்பதை நினைவில் வையுங்கள். இப்போது எட்டு மில்லிமீட்டர் சாதாரண இரும்புப் பட்டையை, ஒன்றரை அடி நீளத்தில், வெல்டிங் இல்லாமல் போல்ட் போட்டே பூட்டுகிறேன்.

சட்டத்திலும் இழுவைத் தண்டிலும் வெல்டிங் விரிசலை மாதம் ஒரு முறை தேட வேண்டும். இணைப்பைத் துலக்கி மண்ணெண்ணெயோ டீசலோ தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணாம்புத் தூளைப் பூசிக் கால் மணி நேரம் விடுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் ஈரக் கோடாக ஊறி வரும். இழுவைத் தண்டில் கோடு தெரிந்தால் மேலே ஒரு பற்று வைத்து ஒப்பேற்றாமல், டிரெய்லர் கட்டும் பட்டறையில் கொடுத்து விரிசலை முழுதாகத் தோண்டி வெல்டிங் செய்யச் சொல்லுங்கள்.

அறிகுறி: வண்டி வாலாட்டுகிறது, அல்லது கழற்றும்போது தண்டு எகிறுகிறது

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு விளக்கவே வேண்டாம், இது பின்பாரம். தொட்டியின் மையம் ஆக்ஸிலுக்குப் பின்னே தள்ளியிருந்தால் இழுக்கும்போது வால் ஆடும், டிராக்டரோடு பிணைக்கும் ஊசியை உருவிய நொடியில் தண்டு மேலே அடிக்கும். தாடையில் வாங்கியவர் ஒருவர் எங்கள் பக்கத்து ஊரில் இருக்கிறார். பினியன் தொட்டியின் நடுவே இருப்பதால் தொட்டியை நகர்த்த முடியாது. தண்டை நீளமாக்கி, அதன் மேல் கருவிப் பெட்டியையும் தண்ணீர்க் கேனையும் வைத்து, முன் முனையில் இரண்டு கையால் தூக்கும் அளவுக்கு முன்பாரம் இருக்கும்படி செய்யுங்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது வண்டியை டிராக்டரிலிருந்து கழற்றவே வேண்டாம்.

அறிகுறி: கூழ் கட்டிகட்டியாக இருக்கிறது

வேகம் குறைவு, தூரம் குறைவு, அல்லது காகிதம் ஊறவில்லை. இந்த மூன்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். செய்தித்தாள் ஓர் இரவு ஊறினால் போதும். பளபளப்பான பாடநூல் அட்டையும் பிளாஸ்டிக் பூசிய பெட்டியும் எத்தனை நாள் ஊறினாலும் கரையாது, அவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள். முறத்துக்குப் பூசுவதற்காக வெந்தயம் சேர்த்துக் காகிதம் அரைத்த பாட்டிகள், விரலால் நசுக்கினால் வழுக்க வேண்டும், எழுத்து தெரியக் கூடாது என்பார்கள். இதற்கும் அந்தப் பதம்தான்.

இவை சரியாக இருந்தும் கட்டி இருந்தால் மூடியின் வலை வழியே மேலிருந்து பாருங்கள். தொட்டித் தண்ணீர் முழுவதும் பிளேடோடு சேர்ந்து ராட்டினம்போல் சுற்றுகிறதா? அப்படியானால் பிளேடு காகிதத்தை வெட்டவில்லை, துரத்திக்கொண்டிருக்கிறது. தொட்டியின் உட்சுவரில் நான்கு பக்கமும் மூன்றங்குல அகலத்தில் செங்குத்தாக இரும்புப் பட்டைகளை வெல்டிங் செய்தால் சுழல் உடைந்து காகிதம் மீண்டும் பிளேடுக்கு வரும். அடுத்து, பிளேடு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். ஆக்ஸிலை இடவலம் மாறாமல் நிமிர்த்தியிருந்தால், வண்டி முன்னே போகும்போது மேலிருந்து பார்க்கையில் பிளேடு கடிகார முள்ளின் திசையில் சுற்றும். இடவலம் மாற்றிப் பொருத்தியிருந்தால் எதிர்த் திசையில் சுற்றும். கூர் முதுகுப் பக்கமாகப் போய்விடும். பிளேடைக் கவிழ்த்துப் போட்டால் சரியாகும், செலவு ஏதுமில்லை.

சிமெண்டைக் காகிதம் முழுதாகக் கூழான பிறகே போட வேண்டும். முதலில் தண்ணீரும் காகிதமுமாக ஒன்றிரண்டு கிலோமீட்டர் தூரம் கொல்லையைச் சுற்றிவிட்டு, நிறுத்தி, கல் வைத்து, மூடியைத் திறந்து சிமெண்டையும் மணலையும் தூவி, மூடி, இன்னும் அரைக் கிலோமீட்டர் இழுத்தால் போதும். சிமெண்ட் போடும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஈரச் சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் தெறித்துவிட்டால் தேய்க்காமல், இமையை விரித்துப் பிடித்துச் சுத்தமான தண்ணீரால் குறைந்தது கால் மணி நேரம் கழுவிக்கொண்டே இருந்து, வலி குறைந்தாலும் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

அறிகுறி: வடிகால் வாய் திறக்கவில்லை, அல்லது கூழ் இறங்கவில்லை

வாய் குறுகலாக இருந்தால் கூழ் இறங்காது. நான்கு அங்குலத்துக்குக் குறைந்த குழாயை நான் போடுவதில்லை. அடைத்துக்கொண்டால் வெளியிலிருந்து கம்பியால் குத்துங்கள், தொட்டிக்குள் இறங்கித் தள்ளாதீர்கள். டிராக்டரை உறுமவிட்டு முன்னும் பின்னும் ஆட்டி இறக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது; வாய்க்கு அடியில் அச்சைப் பிடித்துக்கொண்டு ஆள் நிற்கும்போது அதைச் செய்யக் கூடாது.

தட்டு ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை என்றால் நேற்றைய சிமெண்ட் இறுகியிருக்கிறது. மரச் சுத்தியால் சுற்றிலும் தட்டினால் விட்டுவிடும். விடாவிட்டால் போல்ட்டைக் கழற்றித் தட்டையே எடுத்துத் துலக்குங்கள். வேலை முடிந்ததும் இருபது குடம் தண்ணீர் ஊற்றி, மூடியைத் தாழிட்டு, நூறடி இழுத்துத் தொட்டியை அலசி, அந்தத் தண்ணீரை மறுநாள் காகிதம் ஊறவைக்க எடுத்துக்கொண்டால் தட்டு ஒட்டுவதில்லை. ஆனால் ஊறும் தொட்டியில் மண்டியை விடாமல் தெளிவை மட்டும் எடுங்கள். மண்டியை விட்டால் அடியில் சிமெண்ட் பாளம் பாளமாக உறைந்து, அதுவே அடுத்த வாரம் பிளேடில் வந்து சிக்கும்.